டிஎன்ஏவை வெட்டும் நொதியைப் படித்தால் வேலை கிடைக்குமா?

அம்மாவுக்கு வணக்கம். நீட்டில் மார்க் வராத மகள், இப்போது டிஎன்ஏ நொதிகளை (என்சைம்) பற்றிப் படிக்கப் போவதாக ஒற்றைக்காலில் நிற்கிறாள், இதற்கெல்லாம் யார் வேலை கொடுப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை இருக்கிறது. ஆனால் மூன்று வருட டிகிரியோடு கிடைக்காது. எம்.எஸ்சி. வரை படிக்க வைக்க முடியுமா என்பதை வீட்டில் பேசிவிட்டு மேலே படியுங்கள்.

கொரோனா காலத்து ஆர்டி-பிசிஆர் பரிசோதனை நினைவிருக்கும். அதில் உழைத்தவை இந்த நொதிகள்தான். வைரஸின் ஆர்என்ஏவைப் பார்த்து டிஎன்ஏ எழுதும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ், 1970-ல் டெமின், பால்டிமோர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் தனித்தனியே கண்டுபிடித்தது. அந்த டிஎன்ஏவைக் கோடிக்கணக்கில் பிரதி எடுப்பது டாக் பாலிமரேஸ். அது அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் கண்டெடுத்த பாக்டீரியாவின் சொத்து. 70 டிகிரிச் சூட்டில் வாழப் பழகிய உயிர் என்பதால், டிஎன்ஏவைச் சூடாக்கிப் பிரதி எடுக்கும் பிசிஆர் முறையின் 95 டிகிரியிலும் அதன் நொதி தாக்குப்பிடிக்கிறது. 1960-களில் தாமஸ் பிராக் என்ற நுண்ணுயிரியலாளர் அந்த ஊற்றில் கிருமி தேடியபோது பிசிஆர் என்ற ஒன்றே கிடையாது.

உங்கள் மகளை இழுப்பது இதைவிட ஆழமான கேள்வி என்று நினைக்கிறேன்: இந்த நொதிகள் எங்கிருந்து வந்தன? பிளஸ் டூ பாடத்தில் வரும் ஈகோ-ஆர்1 என்ற வெட்டும் நொதி, பாக்டீரியா தன்னைத் தாக்கும் வைரஸின் டிஎன்ஏவை நறுக்க வைத்திருக்கும் ஆயுதம். தன் டிஎன்ஏவில் அதே இடத்தில் மெத்தில் குறி போட்டுக்கொள்வதால் சொந்த வீட்டில் கத்தி விழாது. ஜீனைத் திருத்தும் கிரிஸ்பர் முறையில் வெட்டும் காஸ்9 நொதிக்கும், இடம்விட்டு இடம் தாவும் ஜீன்களில் இருந்த நொதிதான் மூதாதை. நம் உடலில் ஆன்டிபாடிக்காக ஜீன் துண்டுகளை வெட்டிச் சேர்க்கும் ராக் நொதிக்கும் அப்படியொரு பூர்வீகம் உண்டு. இந்த வம்சாவளியை ஆயிரக்கணக்கான உயிரினங்களின் ஜீன் வரிசைகளை ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்கிறார்கள். ஆகவே பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியும் புள்ளியியலும் அவளுக்குக் கட்டாயம். பயாலஜி என்றால் கணக்கிலிருந்து தப்பிக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடச் சொல்லுங்கள்.

பி.டெக். பயோடெக்னாலஜி என்ற பெயருக்காக லட்சங்களைக் கொட்டாதீர்கள். நல்ல கல்லூரியில் பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரியோ மைக்ரோபயாலஜியோ போதும். சேருமுன் அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் ஒன்று கேளுங்கள்: பிசிஆரை அவர்களே செய்கிறார்களா, டெமான்ஸ்ட்ரேட்டர் செய்வதைச் சுற்றி நின்று பார்க்கிறார்களா? நான் பார்த்தவரை பல இடங்களில் இரண்டாவதுதான். மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிலையங்களான ஐசர் நிறுவனங்களின் ஐஏடி நுழைவுத்தேர்வையும் எழுதட்டும். திருப்பதியிலேயே ஒரு ஐசர் இருக்கிறது. எம்.எஸ்சி.க்கு ஜாம், காட்-பி என்ற நுழைவுத்தேர்வுகள் இரண்டு வாசல்கள்.

அதன்பின் பெங்களூரு, ஹைதராபாத்தில் பரிசோதனைக் கிட், தடுப்பூசி, மருந்து கம்பெனிகள். ஆரம்பச் சம்பளம் ஐடியோடு போட்டி போடாது. ஆராய்ச்சிக்குப் போனால், நெட் என்ற தகுதித்தேர்வு எழுதி ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி நிதி வாங்குபவர்களுக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, வீட்டு வாடகைப்படி தனி. பிஎச்.டி. என்றால் நாம் செலவழிக்க வேண்டும் என்று பயப்பட வேண்டியதில்லை.

அவள் பயோ-மேத்ஸ் குரூப்பா, ப்யூர் சயின்ஸா என்று நீங்கள் எழுதவில்லை. ஜாம் தேர்வின் பயோடெக்னாலஜி தாளில் பிளஸ் டூ கணக்கும் வரும். கணக்கு படிக்காதவள் என்றால் கல்லூரி திறக்கும்முன் அந்தப் புத்தகங்களை வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.