முதிரைப் பலகை வாள் மேசையில் ஏன் கருகுகிறது?

கேள்வி (சுன்னாகம் வாசகர்): கதவுச் சட்டத்துக்காக 1½ அங்குல முதிரைப் பலகையை 10 அங்குல வாள் மேசையில் நீளவாட்டில் கிழிக்கிறேன். வெட்டிய முகம் பழுப்பும் கறுப்புமாகக் கருகிப் போகிறது. புதிதாக 60 பல் பிளேட் வாங்கிப் போட்டும் முன்னையை விட மோசம். மோட்டரில் பிழையா?

பதில்: மோட்டரைக் குறை சொல்ல முன்னர் அந்த 60 பல் பிளேட்டைக் கழற்றுங்கள். பல் கூடினால் வெட்டு வழவழப்பாக வரும் என்பது பலகையைக் குறுக்கே வெட்டும்போது சரி. நாரோட்டத்தோடு கிழிக்கும்போது அதுவே கருகலைக் கொண்டு வரும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பிளேட் நிமிடத்துக்கு 4,000 தரம் சுற்றுகிறது; 1 மீற்றர் பலகையை 20 செக்கனில் தள்ளுகிறீர்கள் என்று வைப்போம். 24 பல் பிளேட்டில் ஒரு பல் எடுக்கும் சீவல் ஏறத்தாழ 0.03 மில்லிமீற்றர். 60 பல்லில் அது 0.0125 மில்லிமீற்றர், அதாவது போட்டோக்கொப்பித் தாளின் தடிப்பில் எட்டில் ஒன்று. முதிரை போன்ற இறுகிய மரத்தில் இவ்வளவு மெல்லிய சீவலை எடுக்கப்போகும் பல், சீவுவதை விட உரசுவதே அதிகம். பல்லுக்குப் பல் இடைவெளியும் சிறிது என்பதால் தூள் வெளியேற இடமின்றி வெட்டுக்குள்ளேயே சுற்றிச் சூடாகும். கிழிப்பதற்கு 24 பல், கூடினால் 30 பல் போதும்.

பிளேட்டை மாற்றிய பிறகும் கருகினால், கருமை எங்கே விழுகிறது என்று பாருங்கள். அநேகமாகப் பிழை எங்கே என்பதை அதுவே சொல்லிவிடும். பென்ஸ் என்று பட்டறைகளில் சொல்லும் பக்கச் சட்டத்தோடு ஒட்டி வரும் துண்டில் மட்டும் கருமை இருந்தால், சட்டத்தின் பின்முனை பிளேட்டை நோக்கிச் சாய்ந்திருக்கிறது; பலகை சட்டத்துக்கும் பிளேட்டின் பின்பற்களுக்கும் நடுவில் நெரிபடுகிறது. கழிவுத் துண்டில் மட்டும் இருந்தால், பின்முனை அளவுக்கு மீறி வெளியே விலகியிருக்கிறது. இரண்டு முகமும் கருகினால் பிளேட் மொட்டை, அல்லது பிசின் பிடித்திருக்கிறது, அல்லது நீங்கள் மெதுவாகத் தள்ளுகிறீர்கள். ஓரிடத்தில் மட்டும் பிறை போல ஒரு கறை விழுந்தால், அது கை மாற்றுவதற்காக நீங்கள் நின்ற இடம்.

சட்டத்தைச் சரிபார்க்க விலை கூடிய கருவி தேவையில்லை. பிளக்கைக் கழற்றிவிட்டு ஒரு பல்லில் சோக்கால் அடையாளம் போடுங்கள். அந்தப் பல்லை உங்கள் பக்கமாக, மேசை மட்டத்துக்குச் சற்று மேலே கொண்டுவாருங்கள். அளவுகோல் நகரும் மூலைமட்டத்தின் கட்டையை மேசையிலுள்ள நீளப் பள்ளத்தின் சுவரோடு அணைத்து, கோலின் முனை பல்லைத் தொடும்வரை நீட்டி இறுக்குங்கள். பிறகு அதே பல்லைப் பின்பக்கம் சுற்றி, மூலைமட்டத்தையும் பின்னால் நகர்த்தித் தொட்டுப் பாருங்கள். வேறு பல்லில் அளக்க வேண்டாம். பிளேட்டின் சிறு வளைவும் அளவைக் கெடுக்கும். போட்டோக்கொப்பித் தாள் ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர் தடிப்பு. பின்பக்க இடைவெளியில் ஒரு தாள் தளர்வாக நுழைந்தாலோ, கோல் பல்லில் இடித்து நின்றாலோ, மேசைக்குக் கீழே பிளேட்டின் தாங்கியைப் பிடிக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி நேராக்க வேண்டும். அது சரியான பிறகு அதே பள்ளத்திலிருந்து சட்டத்தின் முன்முனையையும் பின்முனையையும் அளவுங்கள். இரண்டும் சமமாக, அல்லது பின்முனை பிளேட்டிலிருந்து ஒரு தாள் அளவு விலகி இருக்கலாம். பின்முனை கிட்ட வரவே கூடாது. கருகல் ஒருபுறம் இருக்க, அப்படி நெரிபடும் பலகையைப் பிளேட் உங்கள் வயிற்றை நோக்கி எறியும்.

முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் சொறியை உண்டாக்கும். முகக்கவசத்தோடு முழுக்கைச் சட்டையும் போடுங்கள்.

கேள்வி (சாவகச்சேரி வாசகர்): பாலைப் பலகை பாதி போனதும் வெட்டு வாய் மூடிப் பிளேட்டைப் பிடிக்கிறது. மோட்டர் முனகுகிறது, புகை வருகிறது.

பதில்: மரத்துக்குள் இருக்கும் இழுவிசை வெட்டியதும் விடுபடுவதால் இரண்டு பாதியும் ஒன்றையொன்று நோக்கி வளைகின்றன. நன்றாகக் காயாத பலகையில் இது அதிகம். பிளேட்டின் பின்னால் நிற்கும் பிரிப்புத் தகட்டைக் கழற்றி வைத்திருந்தால் இன்றே திரும்பப் பூட்டுங்கள். அது பிளேட்டின் உடலை விடத் தடிப்பாகவும் வெட்டின் அகலத்தை விட மெல்லிதாகவும் இருக்க வேண்டும். வெட்டு 3.2, உடல் 2.2 மில்லிமீற்றர் என்றால் தகடு 2.5. பற்களிலிருந்து 3 முதல் 8 மில்லிமீற்றர் தள்ளி, பிளேட்டோடு ஒரே நேரில் நிற்கட்டும்.

பாதியில் பிடித்துவிட்டால் பலகையைப் பின்னால் இழுக்காதீர்கள். அசைய விடாமல் பிடித்தபடி சுவிட்சை நிறுத்தி, பிளேட் முற்றாக நின்ற பின் வெட்டு வாயில் ஒரு மர ஆப்பை இறுக்குங்கள். அடுத்த பலகையைக் கிழிக்க முன் சட்டத்தோடு ஒட்டும் ஓரத்தைச் சீவுளியால் நேராக்குங்கள். வளைந்த ஓரம் சட்டத்தில் ஆடும். அந்த ஆட்டமே பிளேட்டை நெரிக்கும். தேவையான அகலத்தை விட 3 மில்லிமீற்றர் கூட்டிக் கிழித்து, பலகை வளைந்து முடிந்ததும் ஓரத்தை மறுபடி நேராக்கி இரண்டாம் தரம் அளவுக்கு வெட்டுவது பாலைக்கு நல்ல முறை.

முனகலுக்கு வயரையும் பாருங்கள். 1½ குதிரைவலு மோட்டருக்கு 20 மீற்றர் மெல்லிய நீட்டு வயர் போட்டால் வோல்ற்றளவு விழும், சுற்று குறையும், தள்ளும் வேகமும் குறையும், மரம் கருகும். 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் போடுங்கள்.

கேள்வி (நெல்லியடி வாசகர்): பிளேட்டில் பழுப்பு நிறப் பிசின் படிந்திருக்கிறது. தீட்டக் கொடுக்கவா?

பதில்: முதலில் கழுவுங்கள். மொட்டை என்று தீட்டக் கொடுக்கும் பிளேட்டுகளில் பல வெறும் அழுக்குப் பிளேட்டுகள். அகலத் தட்டில் வெந்நீரும் சவர்க்காரத் தூளும் கலந்து 15 நிமிடம் ஊறவிட்டு, பழைய பல் தூரிகையால் ஒவ்வொரு பல்லின் பக்கங்களையும் தேய்க்கவும். கம்பித் தூரிகையும் கடுமையான காரமும் வேண்டாம். பல் நுனிகளில் ஒட்டியிருக்கும் கடினமான கார்பைட் முனைகள் கெடும். உடனே துடைத்து உலர்த்தி, மெல்லிய எண்ணெய் தடவித் துடைத்து விடுங்கள். கழுவிய பிறகு வெளிச்சத்தில் முனையைத் திருப்பிப் பாருங்கள். விளிம்பில் வெள்ளைக் கோடாக ஒளி மின்னினால் அது மழுங்கிய முனை, தீட்டத்தான் வேண்டும்.

கேள்வி (மானிப்பாய் வாசகர்): ஏற்கெனவே கருகிய ஓரத்தை அரத்தாளால் தேய்த்து ஒட்டலாமா?

பதில்: அரத்தாள் கருகிய இடத்தில் வழுக்கும், பக்கத்து நல்ல மரமே தேயும், ஓரம் அலையாகும். கூரான சீவுளியால் அரை மில்லிமீற்றர் எடுத்தால் அநேகமாக நல்ல மரம் தெரியும். பசை போட முன் கருமை முழுவதும் போக வேண்டும். கருகிய முகத்தில் பசை உள்ளே இறங்காது, மூட்டு பிறகு விடும்.