பாஞ்ச் ஓக் கொட்டை ஏன் முளைக்கவில்லை?

கேள்வி: உத்தராகண்டில் அல்மோரா பக்கம் குடியேறி, மலைச்சரிவில் விவசாயம் செய்கிறோம். டிசம்பரில் பொறுக்கிய பாஞ்ச் ஓக் (இமயமலைச் சரிவுகளில் வளரும் ஒரு மரம்) கொட்டைகளை வெயிலில் காயவைத்து, மார்ச்சில் 200 பைகளில் ஊன்றினோம். பதினைந்துகூட முளைக்கவில்லை. ஏன்? இதன் தழையை மாட்டுக்குப் போடலாமா?

பதில்: காயவைத்ததுதான் காரணம். நெல், பயறு போல உலர்த்தி வைக்கிற விதை இல்லை இது. பலாக்கொட்டை மாதிரி, ஈரம் போனால் உயிரும் போய்விடும். மூன்று மாதம் காய்ந்ததை ஊறவைத்தாலும் பயனில்லை.

அடுத்த முறை, விழுந்த சில நாட்களுக்குள் பொறுக்குங்கள். முதலில் உதிர்பவை பெரும்பாலும் பூச்சி அரித்தவை, அவை வேண்டாம். தோலில் குண்டூசித் தலை அளவுக்கு வட்ட ஓட்டை தெரிந்தால், கூன்வண்டின் புழு பருப்பைத் தின்றுவிட்டு வெளியேறிவிட்டது என்று அர்த்தம். ஓட்டை இல்லாததற்குள்ளும் புழு இருக்கலாம். அதனால் ஓர் இரவு தண்ணீரில் போட்டு, மிதப்பதைக் கழித்துவிடுங்கள். மூழ்கியதில் நாலைந்தை வெட்டிப் பாருங்கள்: பருப்பு வெளிறிய நிறத்தில் கெட்டியாக இருக்கவேண்டும், பழுப்பாகச் சுருங்கியிருந்தால் செத்தது.

தேறியதை அன்றே ஊன்றுவது உத்தமம். முடியாவிட்டால் ஈர மணலில் கலந்து, காற்றுப்படும் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும்.

பை 30 செ.மீ. உயரமாவது இருக்கட்டும். இலை வெளியே தெரியும் முன்பே ஆணிவேர் ஆழமாக இறங்கிவிடும். குட்டையான பையில் வேர் அடியில் சுருண்டுகொள்ளும், அந்தக் கன்றை நட்டால் வருடக்கணக்கில் அப்படியே நிற்கும். கொட்டையைப் படுக்கைவாட்டில் வைத்து 2–3 செ.மீ. மண் மூடுங்கள். பழைய பாஞ்ச் மரத்தடி மண்ணில் ஒரு கைப்பிடி சேர்த்தால், வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சை கன்றுக்கு எளிதில் கிடைக்கும். எலி தோண்டும், மேலே கம்பிவலை அவசியம். ஒன்றிரண்டு வயதுக் கன்றை ஜூலை மழையில் நடுங்கள். ஆடு மாடு வாய் வைக்காமல் முள்வேலி போடுங்கள்.

தழை போடலாம், ஆனால் முற்றிய இலையை மட்டும், வைக்கோலோடு கலந்து. மார்ச், ஏப்ரலில் வரும் இளந்தளிரில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம். அதையே வயிறு நிறையத் தின்ற மாடு தீனி எடுக்காது, சாணி இறுகும், சிறுநீரகம் பழுதாகும். அப்படித் தெரிந்தால் தழையை உடனே நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். தழை வெட்டும்போது நுனிக்கிளைகளைத் தொடாதீர்கள், இளமரத்தில் கத்தியே வைக்கவேண்டாம்.