கரி அடுப்பும் மாறும் வானமும்: கேள்வி பதில்

கொட்டாஞ்சேனையில் கரி விற்கிறேன். அப்பக் கடைக்காரர், லோன்றிக்காரர், செட்டியார் தெருப் பத்தர்மார், 2022 காஸ் தட்டுப்பாட்டில் கரிக்கு வந்து பிறகும் அதை விடாத வீட்டுக்காரர் எல்லாரும் நம்முடைய வாடிக்கை. இந்தத் தொழிலுக்கு வரமுன் இங்கிலாந்தின் வடபகுதியில், நிலக்கரி அடுப்பால் சூடாக்கும் வீட்டில் பல குளிர்காலம் இருந்திருக்கிறேன். அதனால் இரண்டு அடுப்பைப் பற்றியும் கேட்கலாம். ஒரே கேள்வியைப் பலர் அனுப்பியிருக்கிறீர்கள். ஒருவருக்குச் சொல்வதை எல்லாரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளவத்தை: அண்ணை, மாசியில் நல்லாய்ப் பிடித்த அதே சிரட்டைக்கரி ஐப்பசியில் வெடித்துத் தெறிக்குது. கடைக்காரன் ஏமாற்றிப்போட்டானோ?

கடைக்காரனில் பிழை இருக்காது. கரி காற்றிலிருந்தே ஈரத்தைக் குடிக்கும். மழை படத் தேவையில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கொழும்புக் காற்று பின்னேரம் ஆனால் நனைந்த துணிபோலக் கிடக்கும். சாக்கை சீமெந்துத் தரையில் வைத்திருந்தால் நிலத்து ஈரமும் ஏறும். உள்ளே இருக்கும் நீர் சூட்டில் ஆவியாகி வெளியே வர வழியில்லாமல் துண்டை உடைத்துக்கொண்டு வருவதுதான் அந்த வெடி.

இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்த சிரட்டைக்கரி கிணுகிணு என்று கேட்கும். ஈரக்கரி மொத்தையாகக் கேட்கும். சாக்கிலிருந்து மூடியுள்ள வாளிக்கு மாற்றி, வாளியைப் பலகைக்கு மேல் வையுங்கள். அடுத்த நாள் எரிக்கப்போகும் கரியை மட்டும் ஒரு தகரத் தட்டில் பரப்பி, சமையல் முடிந்து ஆறிக்கொண்டிருக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் காய்ந்துவிடும். பக்கத்தில் என்றுதான் சொல்கிறேன், அடுப்புக்கு மேலே இல்லை.

மண் அடுப்பும் ஈரம் குடிக்கும். சாரல் பட்ட அடுப்பில் எடுத்த எடுப்பில் பெருநெருப்பு மூட்டினால் சுவர் வெடிக்கும். முதலில் ஒரு பிடி பொச்சும் சின்னத் துண்டு கரியும் போட்டு, அடுப்பின் வெளிப்புறம் கைக்குச் சூடு தெரியும்வரை பொறுத்துப் பிறகு நிரப்புங்கள்.

பம்பலப்பிட்டி: கடல் பார்த்த பல்கனியில் சமைக்கிறோம். ஆனியில் கரி அரை மணித்தியாலத்தில் சாம்பல். மழை இருட்டுக் கட்டும் பின்னேரத்தில் பற்றவே மாட்டேன் என்கிறது.

இரண்டுக்கும் காற்றுத்தான் காரணம். வைகாசியிலிருந்து தென்மேற்குக் காற்று கடலிலிருந்து நேரே உங்கள் பல்கனிக்கு வருகிறது. அடுப்பின் வாயை கடலுக்குக் காட்டி வைத்தால் அந்தக் காற்று ஊதுலைபோல வேலை செய்யும். வாயைச் சுவர்ப்பக்கம் திருப்பி, ஒரு ஓட்டுத் துண்டால் பாதி மறையுங்கள். கறி கொதிக்கத் தொடங்கியதும் இன்னும் கொஞ்சம் மறைக்கலாம்.

இடிமழைக்கு முந்தின பின்னேரத்தில் காற்று அசையாது. அப்போது கரியைக் குவித்தால் அடியில் மூச்சு இல்லாமல் கிடக்கும். மெல்லிய படையாகப் போட்டு, கம்பித்தட்டுக்கு அடியில் அடைத்த சாம்பலைத் தட்டி எடுத்து, கீழ்வாயிலிருந்து விசிறுங்கள். மேலே இருந்து விசிறினால் சாம்பல்தான் கறிக்குள் வரும்.

மட்டக்குளி: மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைக்கலாமா?

வேண்டாம். சாப்பாட்டில் மணக்கும். தணல் உள்ள அடுப்பில் ஊற்றினால் சுடர் போத்தலுக்கே ஏறும். தென்னம்பாளை, பொச்சு, காய்ந்த சிரட்டை போதும்.

தெமட்டகொடை: மகன் இங்கிலாந்தில் பழைய வீடொன்று வாங்கியிருக்கிறான். அதில் நிலக்கரி அடுப்பு. கடுங்குளிரில் நன்றாக எரிகிறதாம், குளிர் குறைந்த நாளில் புகை வீட்டுக்குள் வருகிறதாம். அடுப்புப் பழுதா?

இந்தக் கேள்விக்காகவே இன்று உட்கார்ந்திருக்கிறேன். மகனுக்கு இதை அப்படியே அனுப்புங்கள், அம்மா.

புகைபோக்கி இழுப்பது உள்ளே உள்ள சூட்டுக்கும் வெளியே உள்ள குளிருக்கும் இருக்கும் வித்தியாசத்தால். வெளியே உறைபனி என்றால் வித்தியாசம் பெரிது, இழுவை பலம். மழைத்தூறலோடு 10 பாகை, 12 பாகை என்று ஏறிவிட்டால் இழுவை சோரும். அந்த நேரத்தில் “இன்றைக்குக் குளிரில்லை” என்று காற்றுவாயை இறுக்கி நெருப்பை அமுக்குவார்கள். புகைபோக்கி இன்னும் ஆறும், வாயு திரும்பி அறைக்குள் வரும். குளிர் குறைந்த நாளில் செய்யவேண்டியது சின்ன நெருப்பு, ஆனால் பிரகாசமான நெருப்பு. கொஞ்சம் கொஞ்சமாகக் கரி போடட்டும். கீழ்க்காற்றை அடைக்கவேண்டாம். சாம்பலை முழுக்கத் தட்டாமல் கம்பித்தட்டில் ஒரு படை விட்டால் நெருப்பு தானாகவே தணிந்து நிற்கும். கடுங்குளிர் வந்தால் மறுபக்கம்: சாம்பலை நன்றாகத் தட்டவேண்டும், கீழ்க்காற்றைக் குறைக்கவேண்டும், இல்லாவிட்டால் இழுவை கரியைத் தின்றுவிடும்.

அவன் எரிப்பது பெரும்பாலும் அந்திரசைட், அதாவது புகை குறைந்த கெட்டி நிலக்கரி ஆக இருக்கும். புகை கக்கும் பழைய வீட்டு நிலக்கரியை மூட்டையாக விற்பது இங்கிலாந்தில் 2021 மே மாதத்தோடு நின்றது, மூட்டை கட்டாமல் விற்பது 2023 மே மாதத்தோடு நின்றது. அந்திரசைட்டுக்குக் காற்று அடியிலிருந்து வரவேண்டும். மேலிருந்து கம்பியால் கிண்டினால் சாம்பல் உருகிக் கட்டியாகிவிடும். கீழே தட்டும்போது சாம்பல் தட்டில் சிவப்பு ஒளி விழத் தொடங்கினால் நிறுத்தவேண்டியதுதான்.

இன்னொன்று: புதுக்கரி போடும்போது தணலை முழுக்க மூடக்கூடாது. ஒரு மூலையில் சிவந்த தணல் தெரியவேண்டும். புதுக்கரியிலிருந்து கிளம்பும் வாயு அந்த மூலையில் பிடித்து, நீலச் சுடராகக் கரிக்கு மேலே ஓடும். அந்த மூலை இல்லாவிட்டால் வாயு சேர்ந்து நின்று, பிறகு ஒரேயடியாய்ப் பிடித்துக் கதவைத் தூக்கியடிக்கும். அந்த நீலச் சுடர் வரும்வரை அடுப்பை விட்டு எழும்பவேண்டாம் என்று சொல்லுங்கள்.

குளிர்காலத்துக்கு முன் புகைபோக்கியைத் துப்புரவு செய்விக்கவேண்டும். அடுப்பின் உச்சியில் உள்ள தடுப்புத் தகட்டுக்கு மேல் சேரும் தூசியையும் எடுக்கவேண்டும். காபன்மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கான எச்சரிக்கைக் கருவி இல்லாமல் ஒரு இரவுகூட எரிக்கவேண்டாம். புகை உள்ளே வந்தது என்றால் அந்த வாயுவும் வந்தது என்றுதான் அர்த்தம்.

வத்தளை: நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்கு வரும் நிலக்கரி கொஞ்சம் கிடைத்தால் நம்முடைய மண் அடுப்பில் எரிக்கலாமா?

கூடாது. அதில் கந்தகம் இருக்கிறது. புகைபோக்கி இல்லாத அடுப்பில் நிலக்கரிக்கு வேலையில்லை.

கொள்ளுப்பிட்டி: மகளுக்குப் பிள்ளை பிறந்து வந்திருக்கிறா. மழையால் குளிர் என்று மாமி அறைக்குள் தணல் சட்டி வைக்கச் சொல்லுறா. ஏசி பூட்டிய அறை. வைக்கலாமா?

வைக்கவேண்டாம். தணலில் புகை இல்லாததால் ஆபத்து இல்லை என்று நினைக்கிறோம். புகையில்லாத தணலிலிருந்தும் காபன்மொனொக்சைட் வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசன் பிடிக்கும் இடத்தை ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். பச்சைப் பிள்ளை நம்மைவிட வேகமாக மூச்சு எடுக்கும், ஆகவே முதலில் பாதிக்கப்படுவது பிள்ளை. அதற்குச் சொல்லவும் தெரியாது.

தெஹிவளை: தம்பி, நான் நாலு பிள்ளை பெற்றனான். வடமராட்சியில் நாலுக்கும் கட்டிலுக்குக் கீழே தணல் வைத்தவை. எங்களுக்கு ஒண்டும் நடக்கேல்லை. ஏன் பிள்ளைகளைப் பயப்படுத்துறீர்?

அம்மா, நீங்கள் சொல்வதை நம்புகிறேன். அந்த வீட்டை ஒருக்கால் நினைத்துப் பாருங்கள். ஓட்டுக்கூரை, கீழே சீலிங் இல்லை. சுவருக்கும் கூரைக்கும் இடையில் கை நுழையும் இடைவெளி. கதவுக்கு அடியால் கோழிக்குஞ்சு வரும். வாயு நிற்க அங்கே இடமே இல்லை. கொள்ளுப்பிட்டி ஃபிளாட்டில் அலுமினிய யன்னல், ரப்பர் பட்டி, மேலே கொங்கிறீற். ஏசி உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. தணல் அதே தணல்தான், அறை வேறு.

கிருலப்பனை: யன்னலை ஒரு சாண் திறந்துவைத்தால்?

காற்று உள்ளே வரும் நேரமும் உண்டு, வராத நேரமும் உண்டு. நித்திரையில் எது என்று யாருக்குத் தெரியும்? இல்லை.

வெள்ளவத்தை (வேறொருவர்): ஒரு சட்டி தண்ணீர் வைத்தால் வாயுவை இழுத்துவிடும் என்பார்களே?

இழுக்காது. அந்த வாயு தண்ணீரில் கரைவது மிகமிகக் குறைவு. வெங்காயம் வெட்டி வைத்தாலும் அதே பதில்தான்.

மருதானை: தையில் நுவரெலியா போகிறோம். பங்களா அறையில் பார்பிகியூ அடுப்பை வைத்துக் குளிர் காயலாம்தானே, ஒரு மணித்தியாலம் மட்டும்?

இத்தனை பேருக்குச் சொன்ன பிறகும் இந்தக் கேள்வி வருகிறது. ஒரு மணித்தியாலமும் இல்லை, பத்து நிமிஷமும் இல்லை. இறைச்சி சுட்டு முடிந்த அடுப்பை “அணைந்துவிட்டது” என்று உள்ளே கொண்டுவருவதும் கூடாது. சாம்பலுக்குள் தணல் கிடக்கும்வரை வாயு வரும். பங்களாவில் புகைபோக்கியோடு கட்டிய கணப்பு இருந்தால், அது இழுக்கிறதா என்று கடதாசியைக் கொளுத்திப் பார்த்துவிட்டு அதில் விறகு எரியுங்கள். கம்பளி வாடகைக்கே தருவார்கள்.

தலையிடி, சத்தி, தலைச்சுற்று, வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வந்தால் சாப்பாட்டில் சந்தேகப்பட்டுக்கொண்டு நிற்கவேண்டாம். எல்லாரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 1990 என்ற இலக்கத்தில் அம்பியூலன்சுக்கு அடியுங்கள்.

ஹட்டன்: ஐயா, எங்க லயத்துல மழைக்காலத்துல அடுப்ப வெளிய வைக்க முடியாது. உள்ளதான் சமையல். நாங்க என்ன செய்ய?

நியாயமான கேள்வி. வசதி உள்ளவர்களுக்குச் சொல்வதை அப்படியே உங்களுக்குச் சொல்ல ஏலாது. அடுப்பைப் படுக்கும் அறையிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ தள்ளி, கதவுக்கு நேரே வையுங்கள். சமைக்கும்போது கதவும் எதிர்ப்பக்கத் துவாரமும் இரண்டும் திறந்திருக்கவேண்டும், ஒன்று போதாது. அடுப்புக்கு மேலே கூரையில் ஒரு தகரக் குழாய் வைக்க முடிந்தால் அதுதான் பெரிய உதவி. குழாய் கூரை உச்சியைவிட உயர்ந்து நிற்கவேண்டும், தலையில் மழைமூடி வேண்டும். சமையல் முடிந்ததும் மீதித் தணலை இடுக்கியால் எடுத்து மூடியுள்ள தகரத்தில் போட்டு, வெளித் திண்ணையில் வைத்துவிட்டுப் படுங்கள். குளிருக்கு என்று இரவில் விட்டுவைக்கவேண்டாம். தகரத்தில் அணைந்த கரி நாளைக்குச் சீக்கிரம் பற்றும், நட்டமில்லை.

மாளிகாவத்தை, ஜிந்துப்பிட்டி, கல்கிசை: கரி வெடிக்கிறது, என்ன செய்ய?

முதல் பதிலைப் படியுங்கள்.

ஹவ்லொக் டவுன்: சாம்பலைக் குப்பை வாளியில் போடலாமா?

அடுத்த நாளும் உள்ளே தணல் இருக்கும். மூடியுள்ள தகர வாளியில் இரண்டு நாள் வையுங்கள், பிளாஸ்டிக் வாளியும் வேண்டாம், பொலித்தீன் பையும் வேண்டாம். ஆறிய கரிச்சாம்பல் சட்டி மினுக்க நல்லது, பூச்சாடிக்கும் கொஞ்சம் போடலாம். நிலக்கரிச் சாம்பலைச் செடிக்குப் போடவேண்டாம்.

நாரஹேன்பிட்டி: காஸ் சிலிண்டர் ரெகுலேட்டர் கசிகிறது.

என் துறை இல்லை. வால்வை மூடி, விற்பனை முகவரைக் கூப்பிடுங்கள்.

தெஹிவளை: சரி தம்பி, தணல் சட்டி வேண்டாம். பிள்ளைப்பெற்றவளுக்கு ஒத்தடம் குடுக்கிறதையும் விடச் சொல்லுறீரோ?

இல்லை அம்மா, அதை விடவேண்டாம். அடுப்பைப் பல்கனியில் வையுங்கள். துணியை அங்கே சூடாக்கி அறைக்குக் கொண்டுபோங்கள். வேது தண்ணீரையும் அங்கேயே கொதிக்கவைத்து உள்ளே எடுக்கலாம். சூடு அறைக்குள் போகட்டும், தணல் மட்டும் வெளியே நிற்கட்டும். மருமகளிடமும் மகளிடமும் நான் சொன்னதாகச் சொல்லாமல் நீங்கள் சொன்னதாகவே சொல்லுங்கள். உங்கள் சொல்லைத்தான் கேட்பார்கள்.

கொட்டாஞ்சேனை: சாக்கின் அடியில் மிஞ்சும் கரித்தூளை என்ன செய்ய? எறிய மனம் வருகுதில்லை.

அரிதட்டில் அரித்துவிடுங்கள். தூளை அடுப்பில் கொட்டினால் காற்று வழியை அடைக்கும். அப்பத்துக்கு மூடிமேல் தணல் வைப்பவர்கள் பருக்கைகளை மட்டும் அங்கே பயன்படுத்தலாம். மிச்சத் தூளைச் சேர்த்துக் கடைக்குக் கொண்டுவாருங்கள்.