ஸ்லீவ்க்கு ஓகே சொல்றதுக்கு முன்னாடி அந்த நெஞ்செரிச்சலைப் பாருங்க

சகோதரி, பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவுங்கிற கணக்கு) 38, சுகர் வேற, எடை குறைய டாக்டர் ஸ்லீவ்னு இரைப்பையைச் சின்னதாக்கற ஆபரேஷன் சொல்றாரு, வீட்லயோ "வாயைக் கட்டினா போதும்"ங்கிறாங்கன்னு எழுதியிருந்தீங்க. அந்தப் பேச்சை மனசுல போட்டுக்காதீங்க, எடை குறையக் குறைய உடம்பே பசி ஹார்மோனை ஏத்திவிடும், அதை வைராக்கியத்தால மட்டும் ஜெயிக்கறது ரொம்ப கஷ்டம். 2022ல வந்த சர்வதேச வழிகாட்டுதல்படி பிஎம்ஐ 35 தாண்டினாலே ஆபரேஷன் பரிந்துரைக்கலாம்.

ஆனா நடுவுல ஒரு வரியில, ராத்திரி நெஞ்செரிச்சல் தாங்காம எழுந்து உக்காந்துடுவேன்னு சொன்னீங்க பாருங்க, எனக்கு அதான் உறுத்துது. ஸ்லீவ்ல இரைப்பையை முக்கால்வாசிக்கு மேல வெட்டி எடுத்துடுவாங்க, திரும்ப வைக்க முடியாது, மிச்சமிருக்கிற குறுகலான குழாய்க்குள்ள அழுத்தம் கூடி எரிச்சல் இன்னும் மோசமானவங்க நிறைய பேர். இரைப்பை பைபாஸ்ல (இரைப்பையில சின்னப் பை மட்டும் பிரிச்சு நேரா சிறுகுடலோட இணைக்கிற ஆபரேஷன்) பெரும்பாலும் அந்த எரிச்சல் குறையும், சுகருக்கும் நல்லா கேக்கும். அதனால எண்டோஸ்கோபி (வாய் வழியா கேமரா குழாய் விட்டு உள்ள பாக்கற டெஸ்ட்) பாக்காம தேதி குறிக்காதீங்க, ப்ளீஸ்.

எதைப் பண்ணாலும் பி12, இரும்பு, கால்சியம் மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. குழந்தை ஐடியா இருந்தா 12-18 மாசம் தள்ளிப் போடச் சொல்லுவாங்க. பசியைக் குறைச்சு எடையையும் சுகரையும் இறக்கற ஜிஎல்பி-1 ஊசி உங்களுக்கு ஒத்துவருமான்னும் டாக்டர்கிட்ட கேளுங்க. ரிப்போர்ட் வந்ததும் இங்கயே போடுங்க, பாத்துட்டு சொல்றேன்.