ரீல்ஸ் காட்டும் கெத்து

கேள்வி: 15 வயது மகன், 'ஆம்பளைன்னா நாலு பேர் பயப்படணும்' என்கிறான். எல்லாம் ரீல்ஸ் பார்த்துத்தான். போனைப் பிடுங்கிவிடவா?
- ஒரு தாய், வியாசர்பாடி

பதில்: வேண்டாம் அம்மா, நண்பன் போனில் பார்ப்பான். அதே மாதிரி ரீல்ஸ் ஒன்றை உங்கள் மகனையே எடுக்கச் சொல்லுங்கள். கேமராவை முழங்கால் உயரத்தில் வைத்து மேல்நோக்கிச் சாய்த்தால் குள்ளமானவரும் நெடுநெடுவெனத் தெரிவார். விநாடிக்கு 120 ஃபிரேமில் (அதாவது 120 படங்களாக) எடுத்து 30-ல் ஓட்டினால் நடை நான்கு மடங்கு மெதுவாகும். மிரட்டல் அங்கேதான் பிறக்கிறது. பாட்டை மியூட் செய்தால் பாதி கெத்து காணாமல் போகும். பிடிக்காத வீடியோ வந்தால் 'ஆர்வமில்லை' என்ற பட்டனை அழுத்தட்டும். கடைசிவரை பார்த்தால் அதே ரகம்தான் திரும்ப வரும்.

ரீல்ஸில் வடசென்னை என்றாலே கத்தி என்று காட்டுவது அநியாயம். வியாசர்பாடியில் பந்து உதைக்கும் பிள்ளைகளும் வடசென்னைதானே!

பைக் சாவியை மட்டும் கொடுக்காதீர்கள். சிறுவர் ஓட்டினால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை.