கூடலூர்ப் பக்கம் வீடு வீடாகப் போய் மாத்திரை கொடுக்கும் என் அக்காவுக்குத் தீராத இடுப்பு வலி. பெல்ட் போடலாமா, வேலையை விடச் சொல்லலாமா?

பெரும்பாலும் இரண்டுமே தேவைப்படாது. நான் கோத்தகிரிப் பக்கம் வீடு வீடாகப் போகும் பிசியோதெரபிஸ்ட். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை கொடுக்கும் பெண்களோடுதான் என் பகல் போகிறது. இடுப்பைப் பிடித்துக்கொள்ளாமல் படியேறுகிறவர்கள் அவர்களில் குறைவு.

"இவ்வளவு மேடு பள்ளம் ஏறி இறங்கினால் வலிக்காதா" என்பார்கள். ஆனால் நடை இடுப்புக்கு நல்லது. 2024இல் லான்செட் இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில், இடுப்பு வலி வந்து குணமான 701 பேரில், நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு வலி திரும்பிவர ஏறக்குறைய இரண்டு மடங்கு நாள் பிடித்தது. நான் பார்த்தவரை வினை வீட்டுக்குள் போன பிறகுதான் ஆரம்பிக்கிறது.

எஸ்டேட் லைன் வீட்டில் பாட்டி தாழ்ந்த கட்டிலில் படுத்திருப்பார். நாற்காலி இருந்தால் அதில் துணி குவிந்திருக்கும். மாத்திரை கொடுக்க வந்தவர் தோள்பையை இறக்காமலே குனிந்து பிபி பட்டையைச் சுற்றுவார். குனிந்தபடியே திரும்பி, நோட்டைக் கட்டில் விளிம்பில் வைத்து எழுதுவார். குனிவது, திருகுவது, சுமை எல்லாம் ஒரே நேரத்தில். அப்புறம் அடுத்த வீடு.

அக்காவிடம் சொல்லுங்கள், உள்ளே போனதும் பை தரைக்கு வர வேண்டும். பாட்டியைச் சாய்த்து உட்கார வைத்து, தானும் ஒரு முக்காலி கேட்டு வாங்கி உட்காரட்டும். பிபி பார்க்கும் முன் நோயாளி 5 நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும், கை இதய மட்டத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் முறையே. அளவும் சரியாக வரும், அக்காவின் இடுப்புக்கும் அந்த 5 நிமிடம் கிடைக்கும். படுத்த படுக்கையாக இருப்பவரைத் தனியாகத் தூக்கவே கூடாது. வீட்டு ஆள் ஒருவரைக் கூப்பிட்டு, அடியில் மடித்த போர்வை போட்டு இரண்டு பேருமாகத் திருப்பலாம். பை இரண்டு தோளிலும் மாட்டுவதாக, முதுகோடு ஒட்டி இருக்கட்டும்.

பெல்ட் விஷயம்: நாள்பட்ட இடுப்பு வலிக்கு வழக்கமாகப் பெல்ட் வேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனத்தின் 2023 டிசம்பர் வழிகாட்டுதல் சொல்கிறது, உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. படுத்தே கிடப்பதும் உதவாது. எனக்குப் பெரிய கவலை, கடையில் வாங்கித் தினமும் போடும் வலி மாத்திரைதான். டைக்ளோஃபெனாக் போன்றவை வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். ஊருக்கே பிபி பார்க்கிறவர் தனக்கும் பார்த்துக்கொள்ள வேண்டாமா?

இந்தத் திட்டத்திலேயே பிசியோதெரபிஸ்ட் உண்டு. அவரை அடுத்தவர் வீட்டுக்கு அழைத்துப் போகும் பெண்கள் தங்களுக்கென்று வாய் திறப்பதில்லை. கேட்டால் "இன்னும் நாலு வீடு இருக்கு மேடம்" என்பார்கள். உங்கள் அக்கா உரிமையோடு கேட்கட்டும். அவருக்கு ஏற்ற பயிற்சியை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கால் வலுவிழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, தொடை இடுக்கில் உணர்ச்சி குறைந்தாலோ மறுநாள் வரை காத்திருக்காமல் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். விழுந்த பிறகு வந்த வலி, காய்ச்சலோடு வரும் வலி, காரணமில்லாமல் எடை குறைவது என்றாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.