கிரீன் கட்சித் தலைவர் தேர்தல் 2025: கொள்கையில் என்ன வித்தியாசம், நான் யாருக்குப் போட்டேன்

"இங்கிலாந்து கிரீன் கட்சித் தலைவர் தேர்தலில் நின்றவர்களுக்குள் கொள்கை அளவில் அப்படி என்ன வித்தியாசம்? உறுப்பினர்கள் யாராவது சொல்ல முடியுமா?" என்பது கேள்வி. நான் உறுப்பினர்தான். 2025 ஆகஸ்டில் ஓட்டும் போட்டேன், அதுவும் படுதோல்வி அடைந்த பக்கத்துக்கு. ஆகையால் நான் சொல்வதைக் கொஞ்சம் சந்தேகத்தோடேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

நின்றது இரண்டே தரப்பு. ஒரு பக்கம் ஜாக் போலான்ஸ்கி. கட்சியின் துணைத் தலைவராகவும் லண்டன் அசெம்பிளி உறுப்பினராகவும் இருந்தவர், நாடாளுமன்ற உறுப்பினர் இல்லை. இன்னொரு பக்கம் ஏட்ரியன் ராம்சேயும் எல்லி சௌன்ஸும் ஜோடியாக. இந்தக் கட்சியில் இரண்டு பேர் சேர்ந்து தலைமைக்கு நிற்கலாம். அது வரைக்கும் ராம்சேயும் கார்லா டெனியரும் 2021இலிருந்து அப்படித்தான் இணைத் தலைவர்களாக இருந்தார்கள். டெனியர் மறுபடி நிற்கவில்லை என்றதும் ராம்சே சௌன்ஸைச் சேர்த்துக்கொண்டார். இருவருமே 2024இல் ஜெயித்த எம்.பி.க்கள்.

சரி, கொள்கைக்கு வருவோம். நேராகச் சொன்னால் தொண்ணூறு சதவீதம் ஒன்றுதான். 1 கோடி பவுண்டுக்கு மேல் சொத்து வைத்திருப்பவருக்கு ஆண்டுக்கு 1 சதவீதம், 100 கோடிக்கு மேல் போனால் 2 சதவீதம் என்ற சொத்து வரி 2024 தேர்தல் அறிக்கையிலேயே இருந்தது. தண்ணீர் கம்பெனிகளையும் ரயிலையும் பொதுத்துறைக்குத் திருப்புவது, வீட்டு வாடகைக்கு உச்சவரம்பு வைக்கும் அதிகாரத்தை உள்ளாட்சிகளுக்குக் கொடுப்பது, புது அணு உலை வேண்டாம் என்பது, இதில் எதிலும் சண்டை கிடையாது. காசா பற்றியும் இரு தரப்பும் அரசாங்கத்தைக் கடுமையாகவே விமர்சித்தார்கள்.

அது மட்டுமல்ல. நம் ஊர் வழக்கத்தில் தலைவர் சொன்னால் அதுதான் கொள்கை. இங்கே அப்படி இல்லை, கட்சி மாநாட்டில் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத்தான் கொள்கை வகுக்கிறார்கள், தலைவர் தன் இஷ்டத்துக்கு ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது, எம்.பி.க்களுக்குக் கொறடா உத்தரவு போடும் பழக்கமும் இல்லை. சொல்லப்போனால் 2008 வரைக்கும் இந்தக் கட்சிக்குத் தலைவர் என்ற பதவியே கிடையாது, முதன்மைப் பேச்சாளர்கள் என்றுதான் வைத்திருந்தார்கள். கரோலின் லூகாஸ்தான் முதல் தலைவர். அதனால் "வேட்பாளரின் கொள்கை" என்று கேட்பதே இங்கே கொஞ்சம் வழுக்குகிற கேள்வி.

நிஜமான வித்தியாசம் என்று ஒன்றைச் சொல்லலாம், நேட்டோ. ரொம்ப நாளாக நேட்டோவை விட்டு வெளியேற வேண்டும் என்றிருந்த கட்சி, 2023இல் உள்ளே இருந்துகொண்டே சீர்திருத்துவோம் என்று மாறியது. ராம்சே, சௌன்ஸ் இருவரும் அந்த நிலையில் நின்றார்கள். போலான்ஸ்கி வெளியேறும் பக்கம். டிரம்ப் இருக்கும் அமெரிக்காவை நம்பி ஒரு பாதுகாப்புக் கூட்டணியா என்பது அவர் தரப்பு வாதம். உக்ரைன் எரிந்துகொண்டிருக்கும்போது இதைச் சொன்னால், ஓட்டுக் கேட்டுப் போகும்போது கதவு திறப்பவர்களிடம் என்ன பதில் சொல்வது என்பது என் கவலை.

ஆனால் தேர்தல் நடந்தது நேட்டோவை வைத்தல்ல. அடுத்த சீட்டு எங்கிருந்து வரும் என்பதுதான் மொத்தச் சண்டையும். 2024இல் நாலு எம்.பி. வந்தார்கள். அதில் பிரைட்டன் பெவிலியனும் பிரிஸ்டல் சென்ட்ரலும் நகரம், படித்த இளைஞர்கள் நிறைந்த இடம். பிரிஸ்டலில் டெனியரிடம் தோற்றவர் லேபர் கட்சியின் முன்னணித் தலைவர்களில் ஒருவரான தங்கம் டெபனேர். பெயரைப் பார்த்தாலே தெரியும், அப்பா வழியில் தமிழ் வேர் உள்ளவர். அந்த இரவு எனக்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்றே தெரியவில்லை. மற்ற இரண்டும் நேர்மாறு. ராம்சே ஜெயித்த வேவனி வேலி நார்ஃபோக்கும் சஃபோக்கும் சேரும் இடத்தில் உள்ள கிராமப்புறம், சௌன்ஸ் ஜெயித்த நார்த் ஹெரஃபோர்ட்ஷையர் காலங்காலமாகக் கன்சர்வேட்டிவ் கோட்டை.

இன்னொரு பக்கம் சுமார் 40 தொகுதிகளில் கிரீன் இரண்டாமிடம், ஏறக்குறைய எல்லாமே லேபருக்கு அடுத்து. போலான்ஸ்கியின் கணக்கு இதில்தான் இருக்கிறது. லேபர் மீது வெறுத்துப்போன நகரத்து ஓட்டை மொத்தமாக அள்ள வேண்டும், அதற்குச் சத்தமாக, கோபமாக, குடியேற்றத்தை எதிர்க்கும் ரிஃபார்ம் கட்சித் தலைவர் நைஜல் ஃபராஜ் பேசுவது மாதிரியே எளிய மொழியில் பேச வேண்டும், எதிரி அகதி அல்ல, பெரும் பணக்காரன் என்று திருப்ப வேண்டும். இதற்கு அவரே எகோ பாப்புலிசம், அதாவது பசுமை வெகுஜன அரசியல், என்று பெயர் வைத்தார். எதிர்த் தரப்போ, சத்தம் போட்டால் ஏற்கெனவே நம்மை நம்பும் ஆட்கள்தான் கைதட்டுவார்கள், கன்சர்வேட்டிவுக்குப் போட்ட பெரியவரைத் திருப்ப அது உதவாது, அதோடு தலைவர் நாடாளுமன்றத்துக்குள் எழுந்து பேசக்கூடியவராக இருக்க வேண்டும் என்றது. ஜூலையில் லேபரின் முன்னாள் தலைவர் கோர்பினும் லேபரிலிருந்து விலகிய எம்.பி. ஸாரா சுல்தானாவும் புதுக் கட்சி என்று கிளம்பியதும் இது இன்னும் கூர்மையானது. போலான்ஸ்கி சேர்ந்து வேலை செய்யலாம் என்று கதவைத் திறந்து வைத்தார், மற்ற இருவரும் ஜாக்கிரதையாக நின்றார்கள்.

எனக்கு இந்தக் கிராமத்து வாதம் மனதில் பட்டதற்குக் காரணம் உண்டு. நான் இருப்பது தெற்கு லண்டனில் டூட்டிங், சொந்த ஊர் மதுரை. (இந்தியப் பாஸ்போர்ட்டோடு பொதுத் தேர்தலிலேயே இங்கே ஓட்டுப் போடலாம், காமன்வெல்த் சலுகை, பல பேருக்குத் தெரிவதில்லை.) 2024 ஜூனில் ஒரு சனிக்கிழமை லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ரயில் ஏறி, ஒன்றரை மணி நேரத்தில் டிஸ் என்ற சின்ன ஊரில் இறங்கி, வேவனி வேலிக்காக வீடு வீடாக லீஃப்லெட் (துண்டுப் பிரசுரம்) போட்டேன். லண்டனில் ஒரு தெருவுக்கு ஐம்பது கதவு, அரை மணி நேர வேலை. அங்கே ஒரு கேட்டிலிருந்து அடுத்த கேட்டுக்கு நடந்தே கால் போனது, கதவில் இருக்கும் தபால் துளை வேறு எலிப்பொறி மாதிரி விரலைக் கடிக்கும். ஒரு பெரியவர், வாழ்நாள் முழுக்கக் கன்சர்வேட்டிவ் என்றார், இந்தத் தடவை உங்களுக்குப் போடலாம் என்று பார்க்கிறேன், ஆனால் அந்த டவர் விஷயத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

டவர் என்றால் மின்கோபுரம். வட கடலில் காற்றாலைகளில் எடுக்கும் மின்சாரத்தைத் தெற்கே கொண்டுவர நார்விச்சிலிருந்து டில்பரி வரை உயர் அழுத்தப் பாதை போட ஒரு திட்டம். வயல் ஓரம் வரிசையாகக் கோபுரம் வரும் என்று ஊரே எதிர்த்தது. ஜெயித்த கையோடு ராம்சே, திட்டத்தை நிறுத்தி வைத்து மாற்று வழிகளைப் பாருங்கள் என்றார். அவ்வளவுதான், பசுமைக் கட்சித் தலைவரே பசுமை மின்சாரத்தைத் தடுக்கிறார் என்று எல்லாப் பத்திரிகையும் பிடித்துக்கொண்டன, லேபர்காரர்கள் இன்றுவரை விடவில்லை. இதில் ராம்சே செய்தது தப்பு என்றுதான் நினைக்கிறேன். காற்றாலை வேண்டும், கம்பி மட்டும் வேண்டாம் என்றால் எப்படி? ஆனால் அந்தப் பெரியவரிடம் பேசி நின்ற பிறகு, அவரை முட்டாள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. போலான்ஸ்கியின் பேச்சில் அந்தப் பெரியவருக்கு இடமே இல்லையோ என்ற சந்தேகத்தில்தான் ராம்சே, சௌன்ஸ் பெயரை முதலில் போட்டேன்.

ஈஸ்ட் ஹாமில் இருக்கும் என் மச்சினன் இதைக் கேட்டுச் சிரித்தான். "மாமா, வாடகை ஏறினதும் நீங்க புலம்பினதை யார் டிவில பேசுறா? அந்த ரெண்டு பேரா?" என்றான். பதில் சொல்ல முடியவில்லை. ராம்சேயின் பேட்டிகளைப் பார்த்தால் நல்ல தலைமையாசிரியர் பேசுகிற மாதிரி இருக்கும், தப்பு ஒன்றும் இராது, இரண்டு நிமிடத்தில் சேனல் மாற்றிவிடுவீர்கள். போலான்ஸ்கியின் சின்னச் சின்ன வீடியோக்களோ கட்சியைத் திரும்பிப் பார்க்காத ஆட்களின் போனுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தன. இவர் முன்பு லிபரல் டெமாக்ராட் கட்சியில் நின்றவர் என்று நான் மச்சினனிடம் இழுத்துப் பார்த்தேன். அவன் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

செப்டம்பர் 2 அன்று முடிவு வந்தது. போலான்ஸ்கி 20,411, ராம்சே, சௌன்ஸ் ஜோடி 3,705. இப்படி ஒரு அடியை நான் எதிர்பார்க்கவில்லை, நெருக்கமாக இருக்கும் என்றே நினைத்தேன். ஆனால் கூட்டினால் 24,000 சொச்சம்தான், உறுப்பினர் எண்ணிக்கையோ அப்போதே 60,000க்கு மேல், அதாவது பாதிப் பேர்கூட ஓட்டுப் போடவில்லை. ஒற்றைத் தலைவர் வந்ததால் விதிப்படி இரண்டு துணைத் தலைவர்கள், லீட்ஸ் கவுன்சிலர் மோத்தின் அலியும் ரேச்சல் மில்வார்டும். அடுத்த மாதமே உறுப்பினர் எண்ணிக்கை 1,00,000ஐத் தாண்டியது, அந்த அளவில் போலான்ஸ்கி சொன்னது நடந்துவிட்டது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களில் என் மச்சினனும் ஒருவன். அடுத்த முறை டிஸ்ஸுக்கு லீஃப்லெட் போடக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன். அந்தப் பெரியவர் கதவைத் திறந்தால் அவனே பேசட்டும்.